பணத்தாவாவில் வக்கீல் பீஸையும் கோர்ட்டுச் செலவையும் திரும்ப வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் கொடுத்த கடனுக்கோ விற்ற சரக்குக்கோ பணம் வராமல் தாவா போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகப் பல வருடம் டிக்ரி (தீர்ப்பின்படி யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கோர்ட்டு எழுதித் தரும் உத்தரவு) நகல் வாங்கிக் கொடுத்த கை இது. "செலவுத்தொகையுடன் வழக்கு தீர்ப்பளிக்கப்படுகிறது" என்று கேட்டுவிட்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போன கட்சிக்காரர், நகலின் கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும், "என்ன தம்பி, வக்கீல் பீஸுக்கு நேரா கோடு போட்டிருக்கு?" என்று கேட்பார். கேட்கும் நேரத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது.

செலவுத்தொகை தீர்ப்பு நாளில் கிடைப்பதில்லை. நோட்டீஸ் அனுப்பும் நாளிலிருந்து ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்து வருகிறவருக்குத்தான் அது கிடைக்கிறது. அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதலில் ஆசையை அளந்துகொள்ளுங்கள்

நீங்கள் வக்கீலுக்குக் கொடுத்த பீஸ் முழுவதும் எதிராளியிடமிருந்து வராது. இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

சிவில் நடைமுறைச் சட்டம் 35ஆம் பிரிவு செலவுத்தொகையை நீதிபதியின் விருப்புரிமையில் விட்டிருக்கிறது. தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்பது பொது வழக்கம். ஜெயித்தவருக்குச் செலவு இல்லை என்று நீதிபதி முடிவு செய்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதை உயர் நீதிமன்ற விதிகள் தீர்மானிக்கின்றன. நம் மாநிலத்தில் வக்கீல் கட்டணத்துக்கு 1973ஆம் வருடத்து விதிகள் உண்டு. தாவாத் தொகையை வைத்து அந்த அட்டவணை ஒரு தொகையைக் கணக்கிடும். வழக்கு கடைசிவரை போட்டியிட்டு முடிந்ததா, எக்ஸ்பார்ட்டியாக, அதாவது எதிராளி வராமலே, முடிந்ததா என்பதைப் பொறுத்தும் அது மாறும்.

2005இல் சேலம் வக்கீல் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், செலவுத்தொகை நியாயமான உண்மைச் செலவை ஒட்டி இருக்க வேண்டும் என்று சொன்னது. அதை நம்பி டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உண்மையில் கொடுத்த பீஸ் என்று 45,28,000 ரூபாயைத் தரச் சொன்னது. 2011இல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்து, இருக்கிற விதிப்படிதான் தர முடியும் என்றது. சாதாரண சிவில் கோர்ட்டில் இன்றும் நிலைமை இதுதான்.

எதிராளி பொய் வழக்காடினார், அதற்கு நஷ்டஈடாகப் பெரிய தொகை கேட்கலாமே என்பார்கள். 35ஏ பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. 1976 திருத்தத்தில் வைத்த உச்சவரம்பு 3,000 ரூபாய். இன்றும் 3,000தான்.

முழுசாகத் திரும்ப வரக்கூடியவையும் உண்டு: கோர்ட்டுக் கட்டணம், பேட்டா (சம்மன் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் தொகை), நோட்டீஸ் செலவு, சாட்சிச் செலவு, கோர்ட்டு நியமிக்கும் கமிஷனரின் பீஸ். பணத்தாவாவில் பெரும்பாலும் கோர்ட்டுக் கட்டணம்தான் இவற்றில் பெரிய தொகை.

2. எந்தக் கோர்ட்டு என்பதை முடிவு செய்யுங்கள்

செலவுத்தொகைக்கு இரண்டு வேறு சட்டங்கள் ஓடுகின்றன. எது உங்களுக்கு என்று தெரியாமல் பிராது (வழக்கு மனு) எழுத உட்காரக் கூடாது.

நண்பருக்குக் கொடுத்த கைமாற்று, சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு இவையெல்லாம் சாதாரண சிவில் கோர்ட்டு. வியாபாரிகளுக்குள் நடந்த சரக்குக் கொடுக்கல் வாங்கல், பில் பாக்கி, தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 2015ஆம் வருடத்து வணிக நீதிமன்றச் சட்டம் வரும். முதலில் 1 கோடி என்றிருந்த இந்த வரம்பை 2018இல் குறைத்தார்கள்.

வணிக வழக்குக்கு 35ஆம் பிரிவையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதில் வக்கீல் பீஸும் சட்டச் செலவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. தோற்றவர் தர வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட பொது விதி. சமாதானத்துக்கு வந்த நியாயமான தொகையை யார் வேண்டாம் என்றார்கள், யார் வீணாக இழுத்தார்கள் என்பதையும் நீதிபதி பார்க்க வேண்டும். 35ஏ பிரிவின் 3,000 ரூபாய் வரம்பும் அங்கே கிடையாது. பீஸில் பெரும்பகுதியைத் திரும்பக் கேட்க நினைக்கிறவருக்கு இதுதான் வழி.

ஆனால் வாசலில் ஒரு படி இருக்கிறது. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வணிக வழக்கு என்றால் வணிக நீதிமன்றச் சட்டம் 12ஏ பிரிவின்படி முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போக வேண்டும். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. தாண்டி வந்த பிராது நிராகரிக்கப்படும். அதுவரை செய்த செலவு உங்கள் தலையில். எதிராளி சமரசத்துக்கு வரவே இல்லை என்றால் அதற்கு ஒரு அறிக்கை தருவார்கள். அதைப் பத்திரமாக வையுங்கள். செலவு பற்றி வாதாடும்போது அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

3. தாவாவுக்கு முன் சேர்க்க வேண்டியவை

ஒரு தனி ஃபைல் போடுங்கள். கடன் ஆதாரம் ஒரு பக்கம், செலவு ஆதாரம் ஒரு பக்கம்.

கடன் பக்கத்தில் அசல் புரோநோட்டு, பில்கள், டெலிவரி சலான், வங்கிக் கணக்கு நகல், எதிராளி கடனை ஒப்புக்கொண்ட கடிதம். புரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஸ்டாம்ப் இல்லாத மற்றப் பல பத்திரங்களை அபராதம் கட்டிச் சரி செய்யலாம், புரோநோட்டுக்கு அந்த வழி கிடையாது. அசலே ஆட்டம் காணும் வழக்கில் செலவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

காலவரம்பு மூன்று வருடம். கேட்டவுடன் தரும் புரோநோட்டுக்கு அதில் எழுதிய தேதியிலிருந்தே எண்ண வேண்டும், கடைசியாகக் கேட்ட தேதியிலிருந்து அல்ல. நடுவில் எதிராளி கொஞ்சம் பணம் கட்டி அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால், அதுவும் காலவரம்புக்குள் நடந்திருந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம்.

செலவுப் பக்கத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதம் வேண்டும். வக்கீலுக்குப் பணம் கொடுக்கும்போது ரசீது கேட்க நம் ஆட்களுக்குக் கூச்சம். "சார் தப்பா நினைச்சுப்பாரு" என்பார்கள். கூச்சமாக இருந்தால் வங்கி வழியாக அனுப்புங்கள், எந்த வழக்குக்கு என்று குறிப்பில் எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பீஸ் கோர்ட்டின் கண்ணில் கொடுக்காத பீஸ்தான்.

"வசூலானதும் இத்தனை சதவீதம் பீஸ்" என்ற பேச்சுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் முடிவை வைத்துப் பீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அப்படிப் பேசியதை எந்தக் கோர்ட்டிலும் செலவாகக் காட்ட முடியாது.

4. நோட்டீஸ் அனுப்பாமல் தாவா போடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. புரோநோட்டு வழக்குக்கு நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்லையே, எதற்கு வீண் செலவு என்று நேராகப் பிராது தாக்கல் செய்துவிடுவார்கள்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 24ஐ எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவருக்கு 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார். கடன் கொடுத்தவர் ஒரு தடவைகூடக் கேட்காமல் வழக்குப் போடுகிறார். பிராது தாக்கலானதும் கடன்பட்டவர் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிடுகிறார், வாதியும் கணக்குத் தீர்ந்தது என்று வாங்கிக்கொள்கிறார். இந்த வாதிக்குச் செலவுத்தொகை தரக் கூடாது என்கிறது சட்டம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரே, வழக்கு எதற்கு என்பது அதன் நியாயம். அடுத்த உதாரணத்தில் கடன்பட்டவர் முதலில் மறுத்து வழக்காடிவிட்டுப் பிறகு கட்டுகிறார். அங்கே செலவு உண்டு.

ஆகவே நோட்டீஸ் அனுப்புங்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், தராவிட்டால் வழக்கும் செலவும் உங்கள் பொறுப்பு என்று மூன்றையும் எழுதுங்கள். தபால் ரசீதையும் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் ஃபைலில் வையுங்கள். இந்தச் செலவும் வீண் இல்லை. ஆர்டர் 20ஏ, சட்டம் கட்டாயமாக்காத நோட்டீஸின் செலவைக்கூடச் செலவுத்தொகையில் சேர்க்கலாம் என்கிறது.

கவர் "பெற மறுத்தார்" என்று திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். பிரிக்காத கவரை அப்படியே ஆவணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆர்வத்தில் கிழித்துப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறவர்களை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

காலவரம்பு முடிய நாலு நாள்தான் இருக்கிறது, நோட்டீஸுக்கு நேரமில்லை என்றால் தாவாவை முதலில் போடுங்கள். ஆனால் ஏன் அனுப்பவில்லை என்பதைப் பிராதில் ஒரு பாராவாக எழுதுங்கள். தாமதித்தால் தனக்குப் பாதகம் என்று நம்பக் காரணம் இருந்தால் கேட்காமல் போட்டதைக் குற்றமாகப் பார்க்க மாட்டார்கள். சொல்லாத காரணத்தை நீதிபதி ஊகிக்க மாட்டார்.

5. தொகையை ஏற்றிப் போடாதீர்கள்

"கூட்டிக் கேட்டாத்தான் பாதியாவது வரும்" என்ற சந்தைக் கணக்கு கோர்ட்டில் செல்லாது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

அசல் 3,00,000 ரூபாய். புரோநோட்டில் எழுதிய வட்டி வருடத்துக்கு 12 சதவீதம். இரண்டு வருட வட்டி 72,000. தாவாத் தொகை 3,72,000. 2017 திருத்தத்துக்குப் பிறகு நம் மாநிலத்தில் பணத்தாவாவுக்குக் கோர்ட்டுக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 11,160 ரூபாய்.

வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட 24 சதவீதத்தைப் போட்டுக் கேட்டால் வட்டி 1,44,000 ஆகும், தாவாத் தொகை 4,44,000, கட்டணம் 13,320. நீதிபதி பத்திரத்தில் உள்ள 12 சதவீதத்தைத்தான் கொடுப்பார். அப்போது தீர்ப்பில் "விகிதாச்சாரச் செலவு" என்ற சொல் வரும். கேட்டதில் ஏறக்குறைய 84 சதவீதம்தான் கிடைத்தது என்பதால் கோர்ட்டுக் கட்டணம், வக்கீல் கட்டணம், பேட்டா என எல்லாச் செலவிலும் ரூபாய்க்குச் சுமார் 16 பைசா குறையும். தோற்ற பகுதிக்குப் பிரதிவாதியின் செலவை உங்கள் தலையில் வைக்கவும் இடம் உண்டு.

மீட்டர் வட்டி, கந்துவட்டிக் கணக்கு உள்ளே இருந்தால் இன்னும் மோசம். 2003ஆம் வருடத்து அதீத வட்டித் தடைச் சட்டத்தைக் காட்டி எதிராளி உங்களைக் குற்றவாளியாக நிறுத்தப் பார்ப்பார். செலவுத்தொகை கேட்கும் வாய் அப்போதே அடைத்துப்போகும்.

6. பிராதின் பரிகாரப் பகுதி

பழைய பிராதைப் பார்த்து டைப் செய்கிற பழக்கத்தில், கோர்ட்டிடம் என்னென்ன வேண்டும் என்று கேட்கும் இந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. மூன்று விஷயம் தனித்தனியாக இருக்க வேண்டும்.

முதலாவது, அசலும் தாவா நாள் வரைக்குமான வட்டியும். இரண்டாவது, தாவா நாளிலிருந்து தீர்ப்பு வரைக்கும் அதன் பிறகும் வட்டி. டிக்ரியில் பின்வட்டி பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் மறுத்ததாகவே அர்த்தம் என்கிறது 34ஆம் பிரிவு. தீர்ப்புக்குப் பிறகு பொதுவாக 6 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. வியாபாரக் கடன் என்றால் ஒப்பந்த வட்டி வரை கேட்கலாம், அதற்கு இது வியாபாரக் கடன் என்று பிராதிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது, வழக்குச் செலவு. "நீதிமன்றம் தகுந்ததாகக் கருதும் இதர பரிகாரம்" என்ற கடைசி வரியை நம்பிச் செலவை விட்டுவிடாதீர்கள்.

கடன் ஒப்பந்தத்தில் "சட்டச் செலவு முழுவதும் கடன் வாங்கியவரைச் சேர்ந்தது" என்ற வரி இருந்தால் அதைப் பிராதில் எடுத்துச் சொல்லுங்கள். நீதிபதி தன் விருப்புரிமையைப் பயன்படுத்தும்போது அது உதவும். ஆனால் அந்த வரியே பணத்தைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ண வேண்டாம். விதியின் அளவு அதனால் மாறாது. நடுவர் தீர்ப்புக்குப் போகும் ஒப்பந்தமாக இருந்தால் அந்த வரி இன்னும் பலவீனம். எது நடந்தாலும் நடுவர் செலவை ஒரு தரப்பே ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தம், தகராறு எழுந்த பிறகு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும் என்கிறது நடுவர் சட்டம் 31ஏ.

7. வழக்கு நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

பேட்டா கட்டிய ஒவ்வொரு தடவையும் அந்த மெமோவின் நகல் ஃபைலுக்கு வர வேண்டும். சம்மன் மூன்று தடவை திரும்பியிருக்கும், பேப்பரில் விளம்பரம் கொடுத்திருப்பீர்கள். விளம்பரத்துக்குக் கட்டிய பில் காணாமல் போவது வாடிக்கை. பேப்பர் நறுக்கை மட்டும் தாக்கல் செய்துவிட்டு பில்லைப் பையிலேயே வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

எதிராளி சும்மா வாய்தா வாங்கினால் 35பி பிரிவின்படி அன்றைய செலவைக் கேளுங்கள். உத்தரவாகிவிட்டால், அடுத்த வாய்தாவில் அதைக் கட்டாதவரை அவர் வழக்கை மேலே நடத்த முடியாது. அப்படி வாங்கிய தொகை கடைசிச் செலவுப் பட்டியலில் வராது. ஆகவே வாங்கியதற்குக் குறிப்பு வைத்திருங்கள், இல்லாவிட்டால் இரண்டு தடவை கேட்டதாகப் பேர் வரும்.

இனி நான் சொல்வதை வக்கீல்களிலேயே பலர் செய்வதில்லை. ஆர்டர் 12 ரூல் 2இன்படி, "இந்தப் புரோநோட்டும் இந்தக் கையெழுத்தும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறீர்களா" என்று எதிர்த்தரப்புக்கு ஒரு நோட்டீஸ் கொடுக்கலாம். ஏழு நாள் அவகாசம். அவர் மறுத்தாலோ பதில் தராமல் இருந்தாலோ, அந்த ஆவணத்தை நிரூபிக்க ஆகும் செலவை, நீதிபதி வேறுவிதமாக உத்தரவிடாதவரை, வழக்கில் யார் ஜெயித்தாலும் அவரே தர வேண்டும். இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். இந்த நோட்டீஸ் கொடுக்காவிட்டால், ஆவணத்தை நிரூபித்த செலவைப் பொதுவாக அனுமதிக்கக் கூடாது என்றும் அதே ரூல் சொல்கிறது.

புரோநோட்டு வழக்கில் "என் கையெழுத்தே இல்லை" என்பதுதான் வழக்கமான எதிர்வாதம். உடனே கையெழுத்து நிபுணருக்கு அனுப்ப மனு, நிபுணர் பீஸ், அவரை விசாரிக்க ஒரு நாள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூட்டிவர வண்டிச் செலவு. ஒரு தாள் நோட்டீஸ் கொடுத்து வைத்திருந்தால் இத்தனையையும் கேட்க வழி இருக்கிறது. ஆனால் தேவையில்லாத ஆவணங்களையெல்லாம் அடுக்கி நோட்டீஸ் கொடுத்தால் அந்தச் செலவு உங்களுடையது. முக்கியமான இரண்டு மூன்று ஆவணம் போதும்.

சம்மன் இல்லாமல் நீங்களே கூட்டிவந்த சாட்சியின் செலவும் ஆர்டர் 20ஏ பட்டியலில் இருக்கிறது. கோர்ட்டு வாசலில் டீயும் பஸ் காசும் கொடுத்து அனுப்பிவிடாமல், தேதி போட்டு ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள். பிராது டைப் செய்த செலவு, கோர்ட்டு ரெக்கார்டு பார்வையிட்ட கட்டணம் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் மூன்று நாலு வருட வழக்கில் சேர்ந்துவிடும்.

8. பீஸ் சர்டிபிகேட், காஸ்ட் மெமோ

டிக்ரியில் கோடு விழுவது இங்கேதான். வக்கீல் தான் வாங்கிய கட்டணத்தைச் சான்றளித்துத் தாக்கல் செய்யும் தாள்தான் பீஸ் சர்டிபிகேட். அது ரெக்கார்டில் இல்லையென்றால் டிக்ரி எழுதுகிறவர் அந்த வரியில் தொகை போட மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரெக்கார்டில் இருப்பதைத்தான் அவர் எழுத முடியும்.

வாதம் முடிந்து தீர்ப்புக்கு ஒத்திவைக்கும் நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று பீஸ் சர்டிபிகேட்டும் காஸ்ட் மெமோவும் (செலவுப் பட்டியல்) உள்ளே போக வேண்டும். தீர்ப்பு எப்படி வருமோ, வந்த பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தி வைப்பது பெரிய தப்பு. தோற்றால் ஒரு தாள் வீண், அவ்வளவுதான். ஜெயித்துவிட்டுத் தாக்கல் செய்யாமல் இருந்தால் கட்டணமே போச்சு.

மெமோவில் ஒவ்வொரு வரிக்கும் தேதி, எதற்கு, எவ்வளவு, எந்த ரசீது. கோர்ட்டுக் கட்டணம், வக்காலத்து ஸ்டாம்ப், பேட்டா, நோட்டீஸ், விளம்பரம், டைப்பிங், சாட்சி, கமிஷனர் அல்லது நிபுணர், வக்கீல் கட்டணம். ஒன்றிரண்டு தொகையை ஏற்றிப் போட்டு மாட்டிக்கொண்டால் உண்மையான வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வணிக நீதிமன்றம் என்றால் பீஸ் ரசீதுகள், வங்கிப் பரிமாற்ற ஆதாரம், சமரசத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம், அவர் அதற்குத் தந்த பதில் ஆகியவற்றை இணைத்து, ஏன் இவ்வளவு நியாயம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அங்கே அதைப் படிக்க வேண்டிய கடமை நீதிபதிக்கு இருக்கிறது.

9. டிக்ரி நகலை வரிவரியாகப் பாருங்கள்

தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. வசூலுக்குப் போவது டிக்ரியை வைத்துத்தான். தீர்ப்பிலிருந்து 15 நாளுக்குள் டிக்ரி எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். செலவு எவ்வளவு, யார் யாருக்குத் தர வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும்.

நகலையும் உங்கள் காஸ்ட் மெமோவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தீர்ப்பில் "செலவுத்தொகையுடன்" என்று இருந்து டிக்ரியில் விட்டுப்போயிருந்தாலோ கூட்டல் தப்பாக இருந்தாலோ 152ஆம் பிரிவில் திருத்த மனு போடலாம். எழுத்துப் பிழை, கணக்குப் பிழைக்கு மட்டும்தான் அந்தப் பிரிவு. தீர்ப்பிலேயே செலவு இல்லை என்று சொல்லியிருந்தால் திருத்த மனு உதவாது. செலவுக்காக மட்டும் அப்பீல் போவது பெரும்பாலும் கோழிக் காசுக்கு மாட்டை விற்கிற கதை.

10. எக்ஸ்பார்ட்டி டிக்ரியும் ராஜியும்

பிரதிவாதி வராமல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சம்பளத்தை ஜப்தி செய்யும் நோட்டீஸ் கைக்குப் போன மறுவாரம், ஆர்டர் 9 ரூல் 13இல் டிக்ரியை ரத்து செய்யச் சொல்லி மனு வரும். கூடவே தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. பல நேரம் அனுமதிப்பார்கள்.

அனுமதிக்கும்போது செலவு நிபந்தனையும் பணம் கட்டும் நிபந்தனையும் விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆகவே எதிர்மனுவில் "மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும்" என்பதோடு நிற்காமல், இதுவரை இ.பி.க்கு (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) ஆன செலவு இவ்வளவு, எக்ஸ்பார்ட்டி சாட்சிக்கு ஆனது இவ்வளவு, அனுமதிப்பதானால் இதைத் தரவும் தாவாத் தொகையில் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டவும் உத்தரவிட வேண்டும் என்று எழுதுங்கள். எண் சொல்லாதவருக்கு 500 ரூபாய், 1,000 ரூபாய் என்று வழக்கமான தொகைதான் விழும்.

நடுவில் ராஜி பேசினால் வக்கீல் பீஸை யார் ஏற்பது என்பதை ராஜி மனுவிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அவரவர் செலவு அவரவருக்கு. கோர்ட்டுக் கட்டணத்தை எதிராளியிடம் கேட்டு முறைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. நம் மாநிலக் கோர்ட்டுக் கட்டணச் சட்டம் 69ஏ பிரிவில் அது அரசிடமிருந்தே திரும்ப வரும். கோர்ட்டு அனுப்பாமல் இரு தரப்பும் தாங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்திருக்கிறது. லோக் அதாலத்தில் முடித்தாலும் கட்டணம் திரும்ப உண்டு. கேட்டு மனு கொடுத்தால்தான் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

11. இ.பி. போட்டு வசூலிக்கும்போது

நிறைவேற்று மனுவில் செலவுத்தொகைக்குத் தனிக் கட்டம் உண்டு. அசலும் வட்டியும் மட்டும் எழுதி அந்தக் கட்டத்தைக் காலியாக விட்ட இ.பி.க்களைப் பார்த்திருக்கிறேன். டிக்ரியில் உள்ள செலவை அப்படியே அதில் எழுதுங்கள். இ.பி.க்கு ஆகும் பேட்டா, கட்டணம் இவற்றையும் அந்த மனுவின் செலவாகத் தனியே கேளுங்கள். டிக்ரியை நிறைவேற்றப் பொதுவாக 12 வருடம் இருக்கிறது. ஆனால் எதிராளியின் சொத்து அதுவரை அவர் பேரில் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

அவர் தவணையாகக் கட்ட ஆரம்பித்தால் கணக்கு எழுதும் வரிசை முக்கியம். டிக்ரியில் வேறு மாதிரி சொல்லாதவரை, வந்த பணத்தை முதலில் வட்டிக்கும் செலவுக்கும் வரவு வைத்துவிட்டு மிச்சத்தை அசலில் கழிப்பதுதான் பொது முறை. முதல் தவணையையே அசலில் கழித்து ரசீது கொடுத்துவிட்டால் வட்டி ஓடும் அசல் கரைந்துவிடும், வட்டி ஓடாத செலவுத்தொகை மட்டும் கடைசியில் தொங்கும். அந்தக் கடைசிப் பாக்கியைத் தர எந்தப் பிரதிவாதியும் அவசரப்பட மாட்டார்.

வெளியில் வைத்துப் பணம் வாங்கினால் ஆர்டர் 21 ரூல் 2இன்படி கோர்ட்டில் பதிவு செய்யுங்கள். முழுத் தீர்வு மெமோவில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை டிக்ரியின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் செலவுத்தொகையும் அந்த முழுவதுக்குள் போய்விடும். பாக்கி இருந்தால் "செலவுத்தொகை இன்ன ரூபாய் நீங்கலாக" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.